மேல வீடும் மேல் வீடும்

திருவல்லிக்கேணி, சென்னை
6-1-1958

அன்புத் தங்கை சொர்ணவல்லிக்கு அண்ணன் நல்லதம்பி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அண்ணி முத்துமாரியம்மாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். நீயும் செவந்தியும் எப்படி இருக்கிறீர்கள்? மார்கழிப் பனி உனக்கு ஆகாது. வடக்குச் சன்னலைச் சாத்தியே வை. நீ தைத்து அனுப்பிய ஜாக்கெட்டுகள் அண்ணிக்குச் சரியாக இருக்கின்றன, கைதான் இறுக்கம் என்கிறாள். தன் கை பெருத்ததை அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள், நீ தைத்தது சிறுத்துவிட்டது என்றுதான் சொல்வாள். நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே.

சொர்ணம், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழ ராஜ வீதி மாடியை விற்றுவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். இங்கே வீட்டுக்காரர் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்தப் பட்டணத்தில் ஐந்து பேர் படுக்க ஓர் இடம் சொந்தமாக வாங்கவேண்டுமென்றால் அந்த மாடியைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை.

நீ பதறாதே. அப்பா தம் உயிலில் உனக்கு மேல வீட்டை எழுதிவைத்திருக்கிறார். குன்றாண்டார்கோவில் மேலத் தெருவில் இருக்கும் ஓட்டு வீட்டைத்தான் சொல்கிறேன். ஓட்டை மாற்றிவிட்டால் நீயும் செவந்தியும் யாருக்கும் தலைகுனியாமல் இருக்கலாம். செவந்தியின் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்ததும் போனால் போதும். ஓடு மாற்ற நானும் ஒத்தாசை செய்வேன்.

மாடியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நீதான் சுற்றிக் காட்டவேண்டும். கீழே எழுதியிருப்பதை ஒரு பலகையில் எழுதி மாடிப்படிக்குக் கீழே மாட்டிவிடு. உன் கையால் எழுது. நான் சொல்லிக்கொடுத்த எழுத்தல்லவா, முத்து முத்தாக இருக்கும்.

“விற்பனைக்கு. மேல் மாடி வீடு. யுத்தத்துக்கு முந்திய கட்டடம். பர்மாத் தேக்கு உத்தரம். கூடம், ஒரு படுக்கை அறை, சமையல் அறை. தனி மாடிப்படி. நல்ல காற்று. அரண்மனை, பள்ளிக்கூடம், கடைத்தெரு நடைதூரம். மேலே விசாரிக்கவும்.”

இப்படிக்கு,
உன் அண்ணன்
நல்லதம்பி


கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை
16-1-1958

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை சொர்ணம் வணக்கத்துடன் எழுதுவது.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. செவந்தி கோலம் போட்டாள், நான் பானை வைத்தேன். அண்ணிக்கு அடுத்த தடவை கையில் அரை இஞ்சு விட்டுத் தைக்கிறேன். அளவு பெருத்தது என்று நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உங்கள் கடிதம் போகியன்று வந்தது. “பழசைக் கழிக்கிற நாளாப் பாத்து மாமா எழுதியிருக்காகம்மா” என்று செவந்தி சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அண்ணே, நான் இத்தனை நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் அவர் தவறின பிறகு நீங்கள்தான் என் கையைப் பிடித்து இந்தப் படியில் ஏற்றிவிட்டீர்கள். “இது ஒன் வீடு மாதிரிதான் சொர்ணம், இரு” என்றீர்கள். அந்த ‘மாதிரி’ அன்றைக்கு என் காதில் விழவில்லை. ஆத்தாவும் சாகிறவரை, “மேல்வீடு ஒனக்குத்தான், அப்பா எழுதிட்டாரு” என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. அது மேல வீட்டைச் சொல்லிற்றோ என்னவோ. வாயால் சொன்னால் ‘மேல்’ என்பதும் ‘மேல’ என்பதும் ஒன்றுபோலத்தானே கேட்கிறது.

நீங்கள் அந்த வீட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? போன ஐப்பசி மழையில் பின்சுவர் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மூக்காயி அங்கே வைக்கோல் அடைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை, சும்மா கிடக்கிற இடம்தானே. ஆனால் குன்றாண்டார்கோவிலில் ஜாக்கெட் தைக்க என்னிடம் யார் வருவார்கள்? இந்த வீதி என்பதால்தான் எனக்குத் தையல். டாக்டர் வீட்டு அம்மா, பள்ளிக்கூடத்து டீச்சர்மார், அரண்மனைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் நடந்து வந்து துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தையலில்தான் செவந்தி படிக்கிறாள்.

எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். பலகை எழுதிவிட்டேன். மாட்டத்தான் ஆணி கிடைக்கவில்லை.

அந்த உயிலை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை பார்க்கலாமா? நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. அப்பா என்னைப் பற்றி என்ன வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று பார்க்க ஆசை.

தங்கள் அன்புத் தங்கை
சொர்ணம்


திருவல்லிக்கேணி
22-1-1958

தங்கை சொர்ணத்துக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. புதுக்கோட்டையில் ஆணிக்குப் பஞ்சம் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நீ இருப்பது கீழ ராஜ வீதி. அது என்ன பள்ளத்திலா இருக்கிறது? கிழக்கே இருப்பதால் கீழ. அதுபோல மேற்கே இருப்பது மேல. நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. குன்றாண்டார்கோவில் வீட்டை நம் வீட்டில் எல்லாரும் மேல வீடு என்றுதானே சொல்வோம்? உயிலில் ‘மேல வீடு’ என்று இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் உன்னை நடுத்தெருவில் விடுகிறேன் என்று யாராவது உன் காதில் ஓதினார்களா? கீழ்வீட்டை ஐம்பத்தொன்றில் டாக்டருக்கு விற்றேன். அப்போது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஐந்து வருஷத்தில் உன்னிடம் வாடகை என்று ஒரு காசு கேட்டிருப்பேனா? இங்கே வீட்டுக்காரர் தினமும் காலையில் வந்து கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அண்ணி அவருக்குப் பயந்து சமையல்கட்டிலேயே நிற்கிறாள். உனக்கு இருக்கிற கவலை எனக்கும் இருக்கிறது என்பதை நீ நினைத்துப் பார்க்கவேண்டும்.

வாங்குகிறவரின் வக்கீல் கேட்டால் உயிலை அனுப்புகிறேன். அப்போது நீயும் பார்த்துக்கொள்.

கடுமையாக எழுதிவிட்டேனோ? படித்துவிட்டுக் கிழித்துவிடு.

அண்ணன்
நல்லதம்பி


கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை
9-2-1958

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். பலகை மாட்டிப் பதினைந்து நாள் ஆகிறது. நாலு இஞ்சு ஆணியாக வாங்கி நானே அடித்தேன்.

யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பொன்னமராவதியிலிருந்து ஒரு எண்ணெய் வியாபாரி வந்தார். பலகையைப் படித்துவிட்டு, “யுத்தத்துக்கு முந்தின்னு போட்டிருக்கே ஆத்தா, எந்த யுத்தம்? பாரத யுத்தமா?” என்று கேட்டார். முப்பத்தெட்டில் எங்கள் அப்பா கட்டினது, சமஸ்தானத்தில் ஓவர்சியராக இருந்தவர் என்றேன். அதன் பிறகு சுவரைச் சுவராகத் தட்டிப் பார்த்தார். “கெட்டிதான். யுத்தத்துல கட்டுன வீடெல்லாம் சிமிட்டி இல்லாம மண்ணைக் கொழைச்சுக் கட்டுனது. எங்க வீடு அப்படித்தான், ஓங்கித் தும்முனா உதிருது” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டு என்ன? அப்பா கட்டின சுவரை ஊரான் மெச்சுகிறான், நான் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

கீரனூரிலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள். படுக்கை அறையில் கட்டில் போட இடம் போதுமா என்று பார்க்க அந்த அம்மாள் தரையிலேயே நீட்டிப் படுத்துவிட்டார். எழுந்திருக்க நானும் செவந்தியும் ஆளுக்கொரு கை கொடுக்கவேண்டியதாயிற்று. ஓர் அறைதானா என்று அவர் முகம் சுளித்தார். “ஒண்ணுதாங்க” என்றேன். அந்த ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தையல் மிஷினும் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

அண்ணே, படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மிஷினை மிதிக்கிற கால் நின்றுவிடுகிறது. துணி கொடுக்க வருகிறவர்களா, வீடு பார்க்க வருகிறவர்களா என்று தெரியும்வரை ஊசி அப்படியே நிற்கிறது. நேற்று டீச்சரம்மா ரவிக்கையில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். இருபது வருஷத் தையலில் இது முதல் தடவை. இதில், “நீங்க ஊரைவிட்டுப் போறீங்களாமே?” என்று கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

கீழ்வீட்டு டாக்டரே மாடியையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மாமனாரைக் குடிவைக்கவாம். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் அவருக்குச் சங்கடமாக இருக்கிறது. அவருடைய வக்கீல் ரெங்கசாமி உயிலின் அசல் வேண்டும், என் கையெழுத்தும் வேண்டும் என்கிறாராம்.

என் கையெழுத்து எதற்கு அண்ணே? வீடு உங்களுடையது என்றால் என்னை ஏன் கேட்கிறார்கள்?

சொர்ணம்


(கார்டு)
திருவல்லிக்கேணி
14-2-1958

சொர்ணத்துக்கு. டாக்டர் என்றால் மிகவும் நல்லது. தெரிந்த மனிதர், இழுத்தடிக்கமாட்டார். உயிலின் அசலை இன்று ரிஜிஸ்தர் தபாலில் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். உன் கையெழுத்து வெறும் சம்பிரதாயம். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருக்கும், போட்டுவிடு. அதிகம் யோசிக்காதே, உனக்குத் தலைவலி வரும். செவந்தியை நன்றாகப் படிக்கச் சொல். நல்லதம்பி.


கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை
25-2-1958

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை எழுதுவது.

நேற்று வக்கீல் வீட்டுக்குப் போனேன். டாக்டரும் கூட வந்தார். வக்கீல் உயிலை விரித்து என் முன்னால் வைத்தார். அரைப் பக்கம்தான். இந்த அரைப் பக்கத்துக்குப் பயந்தா ஒன்றரை மாதமாகச் சோறு இறங்காமல் இருந்தேன் என்று முதலில் வெட்கமாக இருந்தது.

வக்கீல் அந்த வரியில் விரலை வைத்தார். “அம்மா, நாலு எல்லை எழுதல, சர்வே நம்பர் எழுதல. ‘மேல வீடு என் மகள் சொர்ணவல்லிக்கு, மற்றவை என் மகன் நல்லதம்பிக்கு’, அம்புட்டுதான். இது மேல வீடா, மேல் வீடா? மேல வீடுன்னா குன்றாண்டார்கோவில். புள்ளி விட்டுப்போன மேல் வீடுன்னா இந்த மாடி. நம்ம சனங்க பாதிப் பேரு எழுத்துக்குப் புள்ளி வைக்கிறதில்ல. நீங்க நெனைச்சா கேஸ் போடலாம். நாளைக்கு டாக்டருக்கு வில்லங்கம் வரக்கூடாது, அதான் முன்கூட்டியே கேக்குறேன்” என்றார்.

சாட்சி போட்ட இரண்டு பேரும் இப்போது இல்லை. எழுதினவர் யாரென்று கேட்டார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அது உங்கள் கை.

“எங்க அண்ணன் எழுதுனதுங்க. அவுங்க புள்ளி விடமாட்டாங்க” என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அதனால் அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். நூற்றுப் பதினேழு புள்ளி இருக்கிறது. புள்ளி வைக்கவேண்டிய ஒரு எழுத்துக்கூட அந்தக் காகிதத்தில் விட்டுப்போகவில்லை. அப்பா சாகக் கிடக்கையில், அவ்வளவு அவசரத்தில் எழுதியும் ஒன்றும் தவறவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தின பிறகு நீங்கள்தான் பலகையும் குச்சியுமாக உட்கார்ந்து எனக்கு எழுதப் பழக்கினீர்கள். ஒரு புள்ளி விட்டால் ஒரு குட்டு. “புள்ளி எங்கடி? புள்ளி இல்லாட்டி அர்த்தமே மாறிப்போகும்” என்பீர்கள். என் உச்சந்தலையில் இன்றைக்கும் ஒரு இடம் வலிக்கிறது என்று செவந்தியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அப்படிப்பட்ட கை ‘மேல’ என்று எழுதியிருந்தால் அது மேலதான். நீங்கள் எழுதியதை நான் சந்தேகப்பட்டால் எனக்கு எழுத்தே தெரிந்திருக்கவேண்டாம். வக்கீலிடம் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பங்குனி பிறந்ததும் கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கள் அன்புத் தங்கை
சொர்ணம்


(கார்டு)
திருவல்லிக்கேணி
2-3-1958

சொர்ணத்துக்கு. உன் கடிதம் கிடைத்தது. உட்கார்ந்து புள்ளியை எண்ணவேண்டிய அவசியம் என்ன? வக்கீல்கள் அப்படித்தான் எதையாவது கிளப்புவார்கள். எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல், ஆபீசுக்குப் போகவில்லை. கையெழுத்துக்கு அவசரமில்லை. நான் எழுதிய பிறகு போடலாம். நல்லதம்பி.


கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை
10-3-1958

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

காய்ச்சல் எப்படி இருக்கிறது? மிளகு ரசம் வைத்துத் தரச் சொல்லுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வாய் கசந்து யாரோடும் பேசமாட்டீர்கள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அண்ணியைக் கோபிக்காதீர்கள்.

அவசரமில்லை என்று எழுதியிருந்தீர்கள். டாக்டரை எத்தனை நாள் காக்கவைப்பது? பங்குனி ஐந்தாம் தேதி கையெழுத்துப் போட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை குன்றாண்டார்கோவிலுக்குப் போய்வந்தேன். மூக்காயி வைக்கோலை எடுத்துவிட்டாள். “வாத்தா, பொழுதுபோகப் பேச்சுத்துணை ஆச்சு” என்று சந்தோஷமாகச் சொன்னாள். விழுந்த சுவருக்குத் தென்னந்தட்டி கட்டிக்கொள்ளலாம். மிஷினை எந்த மூலையில் போட்டாலும் மேலே ஓடு ஒழுகும் என்றுதான் தோன்றுகிறது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

செவந்திக்குப் பரீட்சை முடிகிறவரை டீச்சரம்மா தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அதற்கு மேல் படிப்பைப் பற்றி நானும் அவளும் பேசுவதில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டேன். துணி மூட்டை மூன்று.

கட்டும்போது ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. அப்பா கடைசியில் கீழ்வீட்டுக் கூடத்தில்தானே படுத்திருந்தார். உயில் எழுதின மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிட்டது. சமஸ்தானம் இந்தியாவோடு சேருவதற்குப் பத்து நாள் முந்தி. நான் கால்மாட்டில் நின்றேன், நீங்கள் தலைமாட்டில். அப்பா வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலை மேலே காட்டினார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. “சாமி கூப்பிடுதுங்கிறாரு” என்று ஆத்தா ஓவென்று அழுதது. நானும் அழுதேன்.

இன்றைக்கு டாக்டர் வீட்டில் அந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உத்தரம் தெரிந்தது. அதற்கு மேலே என் மிஷின் இருக்கிற இடம். செவந்தி மேலே நடந்தாள், காலடி கேட்டது.

ஏதோ தோன்றியது, எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொர்ணம்


திருவல்லிக்கேணி
15-3-1958

சொர்ணம்,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் டாக்டருக்கும் வக்கீலுக்கும் தந்தி கொடுத்துவிட்டேன். நீ எங்கேயும் கையெழுத்துப் போடாதே. சாக்கை அவிழ்த்துவிடு.

அப்பா சாமியைக் காட்டவில்லை.

உயில் எழுதிய அன்றைக்கு அவருக்குக் கண் மங்கியிருந்தது, பேச்சு இருந்தது. “மேல்வீடு சொர்ணத்துக்கு, பாக்கியெல்லாம் ஒனக்கு, எழுது” என்றார். தெளிவாகத்தான் சொன்னார். நான் எழுதும்போது லகரத்துக்கு மேல் பேனாவைக் கொண்டுபோனேன், வைக்கவில்லை. மறதி இல்லை. கையை எடுத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனேன். படித்துக் காட்டச் சொன்னார். மேல்வீடு என்றே படித்தேன். அவர் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிகளும் காதால் கேட்டதற்குத்தான் கையெழுத்துப் போட்டார்கள், காகிதத்தை யாரும் பார்க்கவில்லை.

உன் வீட்டுக்காரர் அப்போது இருந்தார், சீட்டாட்டம் இருந்தது, வீடு அவர் கையில் போய்விடுமே என்று உன் நன்மைக்காகச் செய்தேன் என்று எழுதலாமா என இரண்டு நாள் யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். கிழித்துப்போட்டேன். எனக்கு அந்த மாடிமேல் ஆசை. அப்பா கட்டியதிலேயே அழகான இடம் அதுதான். உனக்குப் போகிறதே என்று பொறாமை. நான் பொய் எழுதவில்லை, ஒரு புள்ளி குறைத்தேன், அவ்வளவுதானே என்று பத்து வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் விரலைத் தூக்கியபோது நீங்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார். கண் தெரியாதவர் என்று அன்றைக்கு வந்த வைத்தியர் சொன்னார், ஆனால் என்னைத்தான் பார்த்தார். சந்தேகப்பட்டாரா, மறந்துவிடாதே என்று நினைவுபடுத்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த விரல் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் உன் வீட்டுக்காரர் தவறினபின் உன்னை அங்கே கொண்டுவந்து வைத்தேன், வாடகை கேட்கவில்லை. ஆனாலும் ‘உன் வீடு’ என்று சொல்ல வாய் வராமல் ‘மாதிரி’ என்று சொன்னேன்.

நீ எண்ணின நூற்றுப் பதினேழில் ஒன்றாவது விட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அந்தக் கடிதத்தைப் படித்தபோது நினைத்தேன்.

இப்போது அந்த உயிலில் புள்ளி வைத்தால் மை வேறாகத் தெரியும். அதனால் மாடி உன்னுடையது என்று நான் விடுதலைப் பத்திரமே எழுதித் தருகிறேன். வருகிற முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ராமேஸ்வரம் ரயிலில் வருகிறேன். திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ். இங்கே பெரம்பூர்ப் பக்கம் வாடகைக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறோம். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. வீடு போச்சே என்று இல்லை. “அந்தப் புள்ளைகிட்ட சட்டை தைச்சு வாங்கிப் போட்டுக்கிட்டிருந்தோமே” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

நான் வரலாமா? வேண்டாம் என்றால் பத்திரத்தை இங்கேயே பதிந்து தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

நல்லதம்பி


மேல் வீடு, கீழ ராஜ வீதி
புதுக்கோட்டை
21-3-1958

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். செவந்தியிடம் காட்டவில்லை, பரீட்சை நடக்கிறது. முடிந்ததும் காட்டுவேன், மறைக்கமாட்டேன்.

புள்ளியை எண்ணினேனே, அன்றைக்கே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. பலகையில் எழுதச் சொல்லி அனுப்பினீர்களே, அதில் ‘மேல் மாடி’ என்பதற்கு நன்றாக அழுத்திப் புள்ளி வைத்திருந்தீர்கள். ‘மேல்’ என்பதையும் ‘மேல’ என்பதையும் பிரித்து எழுதத் தெரிந்த கை. தவறி எழுதாத கை. அப்படியென்றால் அப்பா மேல வீட்டைத்தான் சொல்லியிருக்கவேண்டும், அல்லது. அந்த ‘அல்லது’க்குப் பிறகு வருவதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களே எழுதட்டும் என்று விட்டேன். உங்களிடமிருந்து ஒரு கார்டும் காய்ச்சலும்தான் வந்தது.

வக்கீல் சொன்னபடி கேஸ் போட்டிருந்தால் ஒருவேளை வீடு கிடைத்திருக்கும், அண்ணன் இல்லாமல் போயிருப்பார். பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும். அதனால்தான் அப்பாவின் விரலைப் பற்றி எழுதினேன். ஆனால் ஒன்று. அப்பா எதைக் காட்டினார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அதற்கும் நீங்கள் பதில் எழுதாமல் இருந்திருந்தால் ஐந்தாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டு மூட்டையோடு போயிருப்பேன். மிரட்டலுக்கு மூட்டை கட்டவில்லை.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஒன்றரை மாதம் ஒவ்வொருவராக வந்து என் படுக்கை அறையை அளந்துவிட்டுப் போனார்கள். அப்போதெல்லாம் நீங்கள் அங்கே உட்கார்ந்து, “அதிகம் யோசிக்காதே, தலைவலி வரும்” என்று எழுதினீர்கள். அந்தக் கார்டைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். செவந்தியின் படிப்பு நின்றிருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது. அண்ணிக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள். அவர்கள் சட்டையைத் தைத்துத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாருங்கள். பத்திரத்தைத் தபாலில் அனுப்பவேண்டாம்.

சாக்குகளை நான் அவிழ்க்கவில்லை. பலகையையும் கழற்றவில்லை. படிக்குக் கீழே அப்படியே தொங்குகிறது, இன்றைக்குக்கூட ஒருவர் படித்துவிட்டு மேலே வந்தார். விற்பனைக்கு இல்லைங்க என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் சொன்னீர்கள் என்று என் கையால் எழுதி என் கையால் அடித்த பலகை அது. அதை நான் தொடமாட்டேன். ஆணி நாலு இஞ்சு, லேசில் வராது. டாக்டர் வீட்டில் குறடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீதியில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கழற்றிவிட்டு மேலே வாருங்கள்.

சொர்ணம்